ஏ.ஸி. வடிக்கும் கண்ணீர்

சித்திரை மாதத்தில் ஓசூருக்குப் புறப்படுகிறவரிடம், "ராத்திரி குளிரும், போர்வை எடுத்துக்கொண்டு போ" என்று சொல்லி அனுப்பிய காலம் ஒன்று உண்டு. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கும் ஊர் அல்லவா? வெள்ளைக்காரர்கள் அந்தச் சீதோஷ்ணத்தில் மயங்கி, 'குட்டி இங்கிலாந்து' என்று அதற்குச் செல்லப் பெயரே வைத்திருந்தார்கள்.

இன்று அதே ஊரில், சந்திரசூடேசுவரர் மலைமேல் நின்று நாலு பக்கமும் பார்த்தால் கண்ணுக்குத் தெரிவது மாடி வீடுகள். மாடி வீடுகளின் சுவரில் வரிசை வரிசையாக வெள்ளைப் பெட்டிகள். எல்லாம் ஏ.ஸி. யந்திரத்தின் வெளிப்பாகங்கள். சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் டைட்டனும் வந்தன. அவற்றின் பின்னால் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் வந்தன. வேலை தேடி வந்தவர்கள் வீடு கட்டினார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூரில் உத்தியோகம் பார்த்து, இந்தப் பக்கம் குடியிருப்பவர்களும் ஏராளம். 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019-ல் ஓசூர் மாநகராட்சியும் ஆயிற்று. மரம் குறைந்தது, சிமெண்ட் கூடியது, வெயிலும் கூடியது. போர்வை விற்ற ஊரில் குளிர் விற்கிறார்கள்!

குளிரை விலை கொடுத்து வாங்குகிறவர்கள் அதோடு கூட இலவசமாக வரும் இன்னொன்றை மறந்து விடுகிறார்கள். அதுதான் தண்ணீர்.

"அக்கா, உங்க ஏ.ஸி. தண்ணி எங்க ஹால் சுவரெல்லாம் இறங்குது. போன மாசம்தான் பெயிண்ட் அடிச்சோம்!"

"நிஜமாவா சொல்றே? எங்க வீட்டுத் தரை காய்ஞ்சுதானேம்மா இருக்கு!"

மாடிப்படியில் நடக்கும் இந்தச் சம்பாஷணையைக் கேட்காத அடுக்குமாடிக் கட்டடம் உண்டா? இரண்டு பேரும் சொல்வது உண்மையே. மேல் வீட்டுத் தரை காய்ந்துதான் இருக்கும். தண்ணீர் போகும் குழாய் சுவருக்குள் ஓடி, நடுவில் எங்கோ இணைப்பு விட்டுப் போயிருக்கும். கசிவது மேல் வீட்டுக் குழாய். அழுவது கீழ் வீட்டுச் சுவர்.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஏ.ஸி.க்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. பானகத்தில் ஐஸ் போட்டு வெள்ளி டம்ளரில் வைத்தால், டம்ளரின் வெளிப்புறம் முத்து முத்தாக வியர்க்கிறதே, அதே வியர்வைதான் இது. அறைக்குள் மாட்டியிருக்கும் பெட்டிக்குள்ளே ஜில்லென்று ஒரு சுருள் குழாய் இருக்கிறது. அறைக் காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் ஈரம், அதன்மேல் பட்டதும் நீராகிறது. சொட்டுச் சொட்டாகக் கீழே ஒரு தட்டில் விழுந்து, மெல்லிய குழாய் வழியே வெளியே போகிறது. புழுக்கமான நாளில் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றிரண்டு லிட்டர் என்பது சாதாரணம்.

சொல்லப் போனால், ஏ.ஸி. பிறந்ததே ஈரத்தை விரட்டத்தான். 1902-ல் அமெரிக்காவில் புரூக்ளின் நகரத்து அச்சகம் ஒன்றில், காற்றிலுள்ள ஈரத்தால் காகிதம் நீண்டும் சுருங்கியும் போய், வர்ணப் படங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்தவில்லை. அதைத் தீர்க்க வில்லிஸ் காரியர் என்ற இளம் எஞ்சினீயர் திட்டம் போட்டுக் கொடுத்ததுதான் இன்றைய ஏ.ஸி.க்கு மூலம். மனிதர்களுக்குச் சுகம் கிடைத்தது பிற்பாடு. காகிதத்துக்குத்தான் முதல் மரியாதை!

சென்னையில் வருஷம் முழுவதும் புழுக்கம், ஏ.ஸி.யின் குழாயில் தினம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கதை வேறு. மார்ச்சில் காற்று உலர்ந்திருக்கிறது. ஏ.ஸி. ஓடினாலும் தண்ணீர் அதிகம் வராது. அந்த வறண்ட குழாயில் என்ன சேருகிறது? தூசி. சாலைப் புழுதி, கட்டட வேலைப் புழுதி, கிருஷ்ணகிரிப் பக்கமானால் கிரானைட் கல்லின் மாவுப் புழுதி. அது போதாதென்று குளவியும் சிலந்தியும் குழாயின் வாயில் கூடு கட்டுகின்றன. பிறகு ஒரு சாயங்காலம், மாங்காய் பழுக்கிற பருவத்தில், கோடை மழை இடியோடு கொட்டுகிறது. மறுநாள் காற்றில் ஈரம் நிறைந்து புழுக்கம் தாங்கவில்லை. எல்லோரும் ஏ.ஸி.யைப் போடுகிறார்கள். இரண்டு மாதமாகக் காய்ந்து கிடந்த குழாய்க்கு அன்றைக்குத்தான் பரீட்சை. அடைத்துக்கொண்டால் தட்டு நிரம்பி, அறைக்குள்ளேயே வழிகிறது.

வேறு காரணங்களும் உண்டு. தூசி வடிகட்டியைக் கழுவாமல் விட்டால் காற்றோட்டம் குறைந்து, சுருள் குழாயில் பனிக்கட்டியே உறைந்து விடும். கரெண்டு போனதும் அது உருகிக் குபுகுபுவென்று கொட்டும். உள்ளே இருக்கும் வாயு குறைந்தாலும் இதே கதிதான். பெட்டியை வடிகுழாய் இருக்கும் பக்கத்துக்கு எதிராகச் சாய்த்து மாட்டிவிட்டுப் போன மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். குழாயின் நுனி பக்கெட் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தால் உள்ளே காற்று அடைத்துக்கொண்டு தண்ணீர் இறங்காது. பக்கெட் வைப்பவர்கள் நுனியைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைக்க வேண்டும்.

"சொட்டுத் தண்ணீர்தானே? துணியைப் போட்டுத் துடைத்தால் போயிற்று" என்று சொல்வார்கள், வீட்டுக் கணக்கைத் தாங்கள் எழுதாத மனிதர்கள்! ஜிப்ஸம் போர்டில் அலங்காரக் கூரை போட்டிருந்தால், தண்ணீர் தேங்கி அது வயிறு தொங்கி, ஒருநாள் பொத்தென்று விழும். பிளைவுட் அலமாரி ஊறினால் உப்பும். உப்பினது பழையபடி ஒட்டாது. மெத்தை, சோபா, குழந்தையின் பாடப் புத்தகங்கள், பீரோவின் அடித்தட்டில் இருக்கும் பட்டுப் புடவைகள் எல்லாம் பாழ். சுவிட்சுப் பெட்டிக்குள் நீர் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. அப்போது துணியைத் தேடி ஓடாமல், மெயினில் அந்த அறைக்கான சுவிட்சை முதலில் அணையுங்கள்.

சரி, நஷ்டம் ஆகிவிட்டது. இன்ஷூரன்ஸ் கொடுக்குமா?

நம் குடும்பங்களில் உயிருக்கு இன்ஷூரன்ஸ் உண்டு, வண்டிக்கு உண்டு. வாழ்நாள் சேமிப்பையெல்லாம் கொட்டிக் கட்டிய வீட்டுக்கு உண்டா என்று கேட்டால், "பாங்கில் ஏதோ எழுதி வாங்கினார்கள்" என்பதே பல வீடுகளில் பதில். அந்த 'ஏதோ' என்ன என்பதை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். வீட்டுக் கடன் வாங்கியபோது பாங்கு இரண்டு விதமான பாலிஸிகளில் ஒன்றையோ இரண்டையுமோ போட்டிருக்கக்கூடும். ஒன்று, கடன் வாங்கியவர் காலமானால் கடனை அடைப்பது. அதற்கும் சுவரில் இறங்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை. மற்றது, வீட்டுக் கட்டடத்துக்கே உரியது. இரண்டாவது இருக்கிறதென்று தெரியாமலே கைக்காசு செலவழித்து ரிப்பேர் செய்துவிடுகிற குடும்பங்கள் உண்டு.

2021 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் வீட்டுக்கென்று ஒரு பொது மாதிரிப் பாலிஸி வந்திருக்கிறது. 'பாரத் க்ருஹ ரக்ஷா' என்று பெயர். இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை மேற்பார்வை செய்யும் ஒழுங்குமுறை ஆணையம் வகுத்தது. எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் அடிப்படை வாசகம் ஒன்றே. கட்டடத்துக்குப் பாலிஸி எடுத்தால், அதன் தொகையில் 20 சதவிகிதம் வரை, உச்சமாக 10 லட்ச ரூபாய்க்கு, வீட்டுச் சாமான்களுக்கும் தனியாகப் பட்டியல் கொடுக்காமலே பாதுகாப்பு உண்டு. உதாரணமாக, கட்டடம் 30 லட்சம் என்றால் சாமான் 6 லட்சம். நகைக்கும் கலைப்பொருளுக்கும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். தொகை குறிக்கும்போது மனை விலையைச் சேர்க்கக் கூடாது. திரும்பக் கட்டுவதற்கு ஆகும் செலவுதான் கணக்கு. ஓசூரில் மனை விற்கிற விலைக்கு இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. வருஷச் சந்தா, நடுத்தரக் குடும்பத்து வீட்டுக்கு ஒரு நல்ல பட்டுப் புடவையின் விலையைக்கூட எட்டாது.

அந்தப் பாலிஸியில் நெருப்பு, இடி, பூகம்பம், புயல், வெள்ளம், நிலச்சரிவு என்று ஆபத்துகளை வரிசையாகச் சொல்லி, நடுவில் ஒரு வரி: தண்ணீர்த் தொட்டி, சாதனம், குழாய் இவை வெடிப்பதாலோ நிரம்பி வழிவதாலோ ஏற்படும் சேதம். நம் விஷயம் முழுவதும் இந்த ஒரு வரியில்தான் தொங்குகிறது. ஏ.ஸி. என்ற பெயர் அதில் இல்லை. 'சாதனம்' என்ற சொல் இருக்கிறது. 'வழிதல்' என்ற சொல் இருக்கிறது.

அமெரிக்காவில் வீட்டுப் பாலிஸிகளுக்கு மாதிரியாக உள்ள படிவத்தில் இந்தச் சங்கடம் இல்லை. குழாய், வெப்பமூட்டி, குளிர்சாதனம் இவற்றிலிருந்து தற்செயலாக வெளிப்பட்டோ நிரம்பி வழிந்தோ வரும் நீர் என்று, பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். கூடவே, வாரக் கணக்கில், மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் கசிந்த நீருக்குக் கிடையாது என்றும் எழுதியிருக்கிறார்கள். அங்கே பெரும் வழக்குகள் நடப்பதெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்: திடீரென்று வந்த தண்ணீரா, நாள்பட்ட தண்ணீரா?

நம் நாட்டிலும் கடைசியில் கேள்வி அதுவேதான். வடிகுழாய் அடைத்து, தட்டு நிரம்பி, ஒரே ராத்திரியில் அலமாரி நனைந்தது என்றால் அது 'சாதனம் நிரம்பி வழிந்தது' என்று கேட்க நமக்கு நியாயம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஆறு மாதமாகச் சுவரில் வரைபடம் போலப் பரவி வந்த ஈரக் கறையைக் காட்டிப் பணம் கேட்டால், "இது கசிவு, பராமரிக்காத குறை" என்று கம்பெனி கையை விரிக்கும். பாலிஸி எதிர்பாராத சம்பவத்துக்கானது. தினமும் பார்த்துக்கொண்டிருந்த கறையை எதிர்பாராதது என்று எப்படிச் சொல்வது?

ஆரவாரமாக வரும் தண்ணீருக்கு இந்தத் தொல்லை இல்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயலின் மழை இதே கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஏரி நிரம்பி, நிறுத்தியிருந்த வாகனங்களையே உருட்டிக்கொண்டு போயிற்று. அந்த மாதிரி வெள்ளம் பாலிஸியில் பெயர் சொல்லி இருக்கிறது. சத்தமில்லாமல் சொட்டும் தண்ணீருக்குத்தான் சாட்சி தேட வேண்டியிருக்கிறது.

ஏ.ஸி. யந்திரத்துக்கே ஏற்பட்ட கோளாறுக்கு இதில் பணம் கேட்க முடியாது. மின்சாரக் கோளாறு, ஷார்ட் சர்க்யூட் இவற்றால் அந்தச் சாதனத்துக்கே வந்த பழுதை இந்தப் பாலிஸி விலக்கி வைத்திருக்கிறது. அதற்குக் கம்பெனியின் உத்தரவாதச் சீட்டு அல்லது தனியான பழுது இன்ஷூரன்ஸ் வேண்டும். உத்தரவாதச் சீட்டோ யந்திரத்தை மட்டும் பார்க்கும். அது நனைத்த சோபாவைத் திரும்பிப் பார்க்காது. மெக்கானிக்கின் அஜாக்கிரதையால் வந்த நஷ்டமென்றால், சேவைக் குறைபாடு என்று அவரை அனுப்பிய நிறுவனத்திடம் கேட்கலாம், ரசீது இருந்தால்!

வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிப்காட்டை நம்பி வந்த குடும்பங்களில் பாதிக்கு மேல் வாடகை வீடுதானே என்று உத்தேசமாகச் சொல்லலாம் போலிருக்கிறது. தெருவுக்குத் தெரு தொங்கும் 'டு லெட்' பலகைகள் அப்படிச் சொல்ல வைக்கின்றன. கட்டடம் சொந்தக்காரருடையது, சாமான் உங்களுடையது. சாமான்களுக்கு மட்டும் இந்தப் பாலிஸியை நீங்களே எடுக்கலாம். சுவரில் மாட்டிய மின்சாதனங்களும் சாமான் கணக்கில்தான் சேரும்.

மாடிப்படிச் சம்பாஷணையில் பார்த்தோமே, கீழ் வீட்டு அம்மாள், அவர் கதி? அவருக்குச் சொந்தமாகப் பாலிஸி இருந்தால் அதில் கேட்கலாம். இல்லாவிட்டால் மேல் வீட்டாரைத்தான் கேட்க வேண்டும். மேல் வீட்டாரின் க்ருஹ ரக்ஷா பாலிஸி அவர்களுடைய சொத்தைக் காப்பாற்றுமே தவிர, அண்டை வீட்டாருக்குக் கொடுக்க வேண்டிய நஷ்ட ஈட்டைக் கொடுக்காது. சில கம்பெனிகளின் கதம்பப் பாலிஸிகளில் பிறருக்கு விளைந்த சேதத்துக்கென்று ஒரு பகுதி உண்டு. அடுக்குமாடியில் இருப்பவர்கள் அதைக் கேட்டு வாங்கினால், மாடிப்படியில் முகம் கொடுத்துப் பேச முடியும்.

தண்ணீர் கொட்டிவிட்ட நேரத்தில் என்ன செய்வது? மின்சாரத்தை அணைத்ததும், பெருக்கித் துடைப்பதற்கு முன்னால், கைப்பேசியில் படம் எடுங்கள். நம் பெண்களுக்கு வீடு அலங்கோலமாக இருப்பதை ஒருவர் பார்ப்பதே பிடிக்காது. கம்பெனியின் ஆள் வருவதற்குள் எல்லாவற்றையும் கழுவி மெழுகி, கெட்டுப்போன மெத்தையைக் குப்பைக்காரரிடம் கொடுத்துவிட்டு, காப்பி கலந்து வைத்திருப்பார்கள். காப்பி இருக்கட்டும், மெத்தையும் இருக்க வேண்டும். வழியும் தட்டு, நனைந்த சுவர், உப்பிய பலகை எல்லாம் படத்தில் வரட்டும். பிறகு சேதம் பரவாமல் துடையுங்கள், சாமான்களை நகர்த்துங்கள். அதுவும் பாலிஸிதாரரின் கடமைதான். அன்றைக்கே கம்பெனிக்குத் தகவல் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டாளர் வரும்வரை கெட்ட பொருளை எறியாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் மெக்கானிக் எழுதிக் கொடுக்கும் சீட்டு. 'ஏ.ஸி. சர்வீஸ்' என்று இரண்டு சொல்லும் கீழே ஒரு தொகையும் எழுதி நீட்டுவார். அது போதாது. என்றைக்கு வந்தார், என்ன பார்த்தார், தண்ணீர் ஏன் வந்தது என்று எழுதச் சொல்லுங்கள். 'வடிகுழாய் அடைபட்டுத் தட்டு நிரம்பி வழிந்தது' என்ற ஒரு வரிக்கு எவ்வளவோ மதிப்பு உண்டு. ஓசூரில் வருகிற மெக்கானிக்குக்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு, ஹிந்தி நாலும் பேச வரும். எழுத ஒன்றுதான் வரும். எந்தப் பாஷையானால் என்ன, உண்மையை எழுதினால் சரி. இல்லாததை எழுதச் சொல்லாதீர்கள். பொய் என்று தெரிந்தால் நியாயமான பகுதியும் சேர்ந்து போய்விடும். வருஷத்துக்கு இரண்டு தடவை சர்வீஸ் செய்த ரசீதுகளையும் ஒரு கவரில் போட்டு வைத்தால், 'பராமரிக்கவில்லை' என்ற பேச்சுக்குப் பதில் தயாராக இருக்கும்.

கம்பெனி மறுத்துவிட்டால்? மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். முதலில் கம்பெனிக்கே முறையீடு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். செலவு கிடையாது, வக்கீல் வைக்கவும் கூடாது. வழக்கை நாமே சொல்ல வேண்டும் என்பது சிலருக்குப் பயமாக இருக்கும். மளிகைக் கடைக்காரரிடம் நாலணாக் கணக்கை விடாமல் கேட்டு வாங்கிய பரம்பரை நம்முடையது, இதையும் கேட்கலாம். மறுப்புக் கிடைத்த ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டால், கம்பெனி கட்டுப்பட்டே ஆக வேண்டும்.

இங்கேதான் எல்லை ஊர்க்காரர்களுக்கு ஒரு விசேஷம். வீட்டுக்காரர் பெங்களூரில் வேலை பார்க்கிறார். பாலிஸியையும் அங்கேயே ஒரு கிளையில் எடுத்துவிட்டார். வீடு இருப்பதோ ஓசூரில். எந்த ஊர்க் குறைதீர்ப்பாளர்? குடியிருக்கும் இடத்துக்கு உரியவரிடமும் போகலாம். கம்பெனியின் கிளை இருக்கும் இடத்துக்கு உரியவரிடமும் போகலாம் என்று விதி சொல்கிறது. தமிழ்நாட்டுக்குச் சென்னை, கர்நாடகத்துக்குப் பெங்களூர். ஓசூரிலிருந்து பெங்களூர் நாற்பது கிலோமீட்டர். சென்னை முந்நூறுக்கு மேல். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால், 2019-ம் வருஷத்துச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. ஆனால் ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது அதே விஷயத்தைக் குறைதீர்ப்பாளர் எடுத்துக்கொள்ள மாட்டார். எதை முதலில் தட்டுவது என்று யோசித்துத் தட்டுங்கள்.

பெங்களூரில் எடுத்த பாலிஸியில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். காப்பீடு செய்த வீட்டின் விலாசம் என்ற இடத்தில் ஓசூர் வீட்டின் கதவு எண், தெரு, பின்கோடு சரியாக இருக்கிறதா, அல்லது ஆபீஸ் விலாசத்தையே போட்டிருக்கிறார்களா என்று படித்துப் பாருங்கள். தப்பாக இருந்தால் இன்றைக்கே எழுதித் திருத்தி வாங்கலாம். சேதம் வந்தபின் திருத்துவது கஷ்டம். பாலிஸியை எடுக்க பீரோவைத் திறக்கிறபோது, அப்படியே ஏ.ஸி.யின் வடிகுழாய் நுனியையும் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிடுங்கள். குளவி கூடு கட்டியிருந்தால், முதலில் மெக்கானிக்குக்குத்தான் போன் செய்ய வேண்டும்.